லடாக் நடைபயணக் களைப்புக்கு சோலோ வேர்: எவ்வளவு, எப்போது, யாருக்குக் கூடாது?

குறிஞ்சி_கோவை (கேள்வி)

வணக்கம். செப்டம்பர் நடுவில் கோவையிலிருந்து ஆறு பேர் லடாக்கின் மார்க்கா பள்ளத்தாக்கில் நடக்கப் போகிறோம். 12ஆம் தேதி காலை தில்லியிலிருந்து விமானத்தில் லே. 13 ஓய்வு. 14 சில்லிங் வழியாக ஸ்கியு, 15 மார்க்கா, 16 ஹங்கர், 17 நிமாலிங், 18 கொங்மாரு லா கணவாயைத் தாண்டி ஷாங் சும்டோ. நாங்கள் கேட்பது களைப்பைப் பற்றி மட்டும். கால் கனத்துப்போவது, பத்து எட்டு வைத்தால் நிற்கத் தோன்றுவது, மறுநாள் காலையிலும் அசதி விடாமல் இருப்பது, இதற்கு மூலிகையில் என்ன வழி?

1. லடாக்கில் 'சோலோ' என்று சொல்லும் ரோடியோலா உண்மையிலேயே களைப்பைக் குறைக்குமா? கேப்சூலா, வேரா? எத்தனை நாள் முன்பே தொடங்க வேண்டும்?
2. அமுக்கரா சூரணம், சுக்குக் காபி இரண்டும் கையில் இருக்கின்றன. அவையே போதுமா?
3. கற்பூரம் முகர்வது, ஹோமியோவில் கோகா 30, இரண்டையும் கயிலாய யாத்திரை போனவர்கள் சொல்கிறார்கள். பயன் உண்டா?

குழுவில் ஒருவருக்கு 52 வயது, ரத்த அழுத்தத்துக்கு தினமும் லோசார்டான் 50 மி.கி. எடுக்கிறார். இன்னொருவருக்கு சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாது. அதனால்தான் உயரநோய்த் தடுப்பு மாத்திரையான டயமாக்ஸை விட்டுவிட்டு மூலிகைப் பக்கம் தேடுகிறோம்.

---

வேர்க்கட்டு

சோலோவைப் பற்றி மட்டும் சொல்கிறேன், மற்றதை மற்றவர்கள் சொல்லட்டும்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். ரோடியோலா ஒரு பேரினம், அதில் பல இனங்கள். ரஷ்யாவிலும் ஸ்காண்டிநேவியாவிலும் ஆராய்ந்தது ரோடியோலா ரோசியா. திபெத்திலும் சீனாவிலும் 'ஹாங்சிங்தியான்' என்று விற்பது பெரும்பாலும் ரோடியோலா கிரெனுலாட்டா. லடாக்கின் சோலோ என்பது முக்கியமாக ரோடியோலா இம்பிரிகாட்டா. மூன்றிலும் சாலிட்ரோசைடு என்ற பொருள் இருக்கிறது. ரோசாவின் என்பது ரோசியாவுக்கே உரிய அடையாளம், கிரெனுலாட்டாவில் அது கிடையாது. ஆகவே 'ரோசியா' என்று எழுதிய டப்பாவின் ஆய்வறிக்கையில் ரோசாவின் இல்லையென்றால் உள்ளே இருப்பது வேறு வேர்.

பயன் என்ன? இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். சமதளத்தில் வேலைக் களைப்புக்கு ரோசியா சாறு ஓரளவு உதவுகிறது. இரவுப் பணி மருத்துவர்களிடமும் தேர்வுக்காலப் பயிற்சி மாணவர்களிடமும் நடந்த சிறிய ஆய்வுகளில் சாதகமான முடிவு வந்திருக்கிறது. ஐரோப்பிய மருந்து முகமையும் மன அழுத்தத்தோடு வரும் சோர்வு, பலவீனத்துக்கான 'மரபுவழிப் பயன்பாடு' என்ற அளவில் அதை ஏற்றிருக்கிறது. மரபுவழி என்ற சொல்லைக் கவனியுங்கள். நெடுநாள் புழக்கத்தில் இருக்கிறது என்பதுதான் அதன் பொருள், ஆய்வில் நிரூபணமானது என்பதல்ல.

உயரத்தில் என்ன ஆகும் என்பது அடுத்த கேள்வி. 2013இல் தைவான் ஆய்வாளர்கள் வெளியிட்ட சோதனையில் 102 பேர் ரோடியோலா கிரெனுலாட்டாவை தினமும் 800 மி.கி. வீதம் ஏற்றத்துக்கு 7 நாள் முன்பே தொடங்கி எடுத்து, 250 மீட்டரிலிருந்து 3,421 மீட்டருக்கு ஏறினார்கள். அதே ஆட்கள் இன்னொரு முறை, ஒப்பிட்டுப் பார்க்க, மருந்தே இல்லாத போலி மாத்திரையோடும் ஏறினார்கள். உயரநோய் வந்தவர் எண்ணிக்கையில் சொல்லும்படியான வேறுபாடு இல்லை. இந்தியாவில் டி.ஆர்.டி.ஓ. எனும் பாதுகாப்புத்துறை ஆராய்ச்சி அமைப்பின் ஆய்வுக்கூடங்கள் இம்பிரிகாட்டாவை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்திருக்கின்றன. 5 டிகிரி குளிரில், 428 மி.மீ. பாதரச அழுத்தத்தில், அதாவது சுமார் 4,570 மீட்டர் உயரத்துக்கு ஈடான காற்றில், நகர முடியாதபடி அடைத்த எலிகள் அவை. வேர்ச்சாறு கொடுத்தவை அந்தச் சூழலைக் கூடுதல் நேரம் தாங்கின. நம்பிக்கை தரும் முடிவுதான். ஆனால் எலிக்குக் கொடுத்தது உடல் எடையில் கிலோவுக்கு 100 மி.கி. அந்தக் கணக்கை அப்படியே மனிதருக்கு மாற்றி விழுங்கக் கூடாது.

ஆக சோலோவிடம் நீங்கள் எதிர்பார்க்கக்கூடியது 'அசதி கொஞ்சம் குறைவாகத் தெரியலாம்' என்ற அளவுதான். உயரநோயைத் தடுக்கும் என்று எண்ணி வாங்கவே வேண்டாம்.

எடுப்பதென்றால் முறை இது:

கேப்சூல்: 3% ரோசாவின், 1% சாலிட்ரோசைடு என்று தரப்படுத்திய ரோசியா சாறு. காலை 200 மி.கி., மதியம் 12 மணிக்குள் இன்னொரு 200 மி.கி., இரண்டும் சாப்பாட்டுக்கு அரைமணி முன்பு. மூன்று மணிக்கு மேல் எடுத்தால் இரவில் கண் மூடாது. உயரத்தில் தூக்கம் ஏற்கெனவே துண்டு துண்டாகத்தான் வரும், அதை இன்னும் கெடுத்துக்கொண்டால் மறுநாள் களைப்பு இரட்டிப்பாகும். ஊரிலேயே ஒரு வாரம் எடுத்துப் பாருங்கள். படபடப்பு, எரிச்சல், வாய் உலர்தல், தலைசுற்றல் வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். லே-யில் இறங்கிய பிறகு முதல் முறையாக விழுங்கினால், வரும் தலைசுற்றலுக்குக் காரணம் மருந்தா உயரமா என்று யாராலும் பிரிக்க முடியாது.

வேர்: உலர்ந்த வில்லை 3 கிராம், தண்ணீர் 400 மி.லி. இங்கே பலரும் தவறுவது கொதிநிலையில். லே-யில் தண்ணீர் சுமார் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும், நிமாலிங்கில் சுமார் 84. ஊரில் பத்து நிமிடத்தில் இறங்கும் சாறு அங்கே இறங்காது. வில்லையைத் தீக்குச்சி கனத்துக்கு நறுக்கி, மூடிய பாத்திரத்தில் சிறு தீயில் 20 நிமிடம் வையுங்கள். அல்லது இரவு கொதிநீரோடு தெர்மோஸில் போட்டு மூடிவிட்டுக் காலையில் குடியுங்கள். எரிபொருளும் மிச்சம். சாலிட்ரோசைடு தண்ணீரில் கரையும், அதனால் சாராயம் எதுவும் தேவையில்லை. நல்ல சாறு செம்பழுப்பாக, நாக்கைப் பிடிக்கும் துவர்ப்போடு இருக்கும். அந்தத் துவர்ப்பு டானின். வெறும் வயிற்றில் சிலருக்குக் குமட்டும், இரும்புச்சத்து மாத்திரையையும் உடலில் சேரவிடாது. இரும்பு எடுப்பவர்கள் இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சோவா ரிக்பா எனும் திபெத்திய மரபு மருத்துவத்தின் மருத்துவர்களான ஆம்ச்சிகள் சிவப்பு சோலோவை, 'சோலோ மார்போ' என்பார்கள், முதன்மையாக நுரையீரல் கோளாறுகளுக்குத்தான் கொடுக்கிறார்கள், அதுவும் கூட்டு மருந்தாக. 'களைப்பு மருந்து' என்ற பெயர் வெளியிலிருந்து பிறகு ஒட்டியது. 2019இல் பிரதமர் உரையில் பெயர் அடிபட்ட பிறகு லே கடைகளில் எல்லாமே சோலோவாகிவிட்டது.

---

கணவாய்_நடை

குறிஞ்சி, மூலிகையைத் தொடுமுன் உங்கள் நாட்குறிப்பைத் திருத்த வேண்டும். களைப்பின் பெரும்பங்கு அங்கேதான் ஒளிந்திருக்கிறது.

உடல் அதிகபட்சமாக உறிஞ்சக்கூடிய ஆக்சிஜன் 1,500 மீட்டருக்கு மேல் ஒவ்வொரு 100 மீட்டருக்கும் ஏறக்குறைய 1% குறையும். லே 3,500 மீட்டர் என்றால் சுமார் 20% போய்விட்டது. கொங்மாரு லா 5,200 ஒட்டி என்றால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். இந்தக் கணக்கை எந்த வேரும் மாற்றாது. மாற்றக்கூடியது உடல் பழகுவது மட்டும். முதல் சில நாட்களில் மூச்சு ஆழமாகும், சிறுநீரகம் பைகார்பனேட்டை வெளியேற்றும், அதனால் மூச்சு இன்னும் தாராளமாகும். அதற்கு நாள் கொடுக்க வேண்டும், வேறு வழியில்லை.

உங்கள் திட்டத்தில் இரண்டு ஓட்டைகள்.

ஒன்று, லே-யில் ஒரே ஒரு முழுநாள். கடல்மட்டத்திலிருந்து வருபவர்களுக்கு அது பற்றாது. மூன்று இரவு தங்குங்கள். முதல் நாள் அறையைவிட்டுக் கடைத்தெரு வரை மட்டும், இரண்டாம் நாள் மெதுவாகச் சாந்தி ஸ்தூபி வரை. குளிர்நீர்க் குளியல், ஓட்டம், மது எதுவும் வேண்டாம்.

இரண்டாவதுதான் ஆபத்து. ஹங்கர் சுமார் 4,000 மீட்டர், நிமாலிங் சுமார் 4,800. ஒரே நாளில் படுக்கும் உயரம் 800 மீட்டர் ஏறுகிறது. 3,000 மீட்டருக்கு மேல் ஒரு நாளில் படுக்கும் உயரம் 500 மீட்டருக்கு மேல் ஏறக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஏறாமல் ஒரு நாள் தங்க வேண்டும் என்பதுதான் மலை மருத்துவத்தில் எல்லோரும் பின்பற்றும் கணக்கு. ஹங்கருக்கும் நிமாலிங்குக்கும் நடுவில் தாச்சுங்சே என்ற கூடாரப் புல்வெளி இருக்கிறது, சுமார் 4,200. அங்கே ஓர் இரவு போடுங்கள். அப்போதும் மறுநாள் 600 மீட்டர் வரும். அதனால் நிமாலிங்கில் இரண்டு இரவு தங்கிவிட்டுக் கணவாய் ஏறினால் கால் வேறு மாதிரி இருக்கும். மொத்தம் மூன்று நாள் கூடும். விடுப்பு கிடைக்காவிட்டால் மார்க்காவை விட்டுவிட்டு ஷாம் பள்ளத்தாக்கு நடைக்குப் போங்கள், அதில் படுக்கும் உயரம் லே-யை ஒட்டியே இருக்கும்.

இப்போது களைப்பை இனம் பிரிக்கும் முறை. உயரநோயை மதிப்பிடும் லேக் லூயி அட்டவணையின் 2018 திருத்தத்தில் நான்கே அறிகுறிகள்: தலைவலி, வயிற்றுக் கோளாறு, களைப்பு அல்லது பலவீனம், தலைசுற்றல். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். தலைவலியும் இருந்து மொத்தம் 3 அல்லது அதற்கு மேல் போனால் உயரநோய். களைப்பு அந்த நான்கில் ஒன்று என்பதை மறக்காதீர்கள். அதை ஒரு மூலிகையால் மூடி மறைத்து ஏறினால், உடல் அடித்த மணியை நாமே துணி சுற்றி அடக்கியதாகும்.

சும்மா நடைக்களைப்பு என்றால் பத்து நிமிடம் உட்கார்ந்து, இனிப்பும் தண்ணீரும் எடுத்ததும் மூச்சு அடங்கும், பேச்சு வரும், நேற்றைவிட இன்று மேல் என்று தோன்றும். இப்படி இல்லாமல் மற்றவர்களைவிட ஒருவர் திடீரென்று பின்தங்குகிறார், உட்கார்ந்திருக்கும்போதே இளைப்பு, வறட்டு இருமல், படுத்தால் மூச்சு முட்டுகிறது என்றால் நுரையீரலில் நீர் கோர்க்கத் தொடங்கியிருக்கலாம். அதன் முதல் அறிகுறியே காரணமில்லாத அசதிதான். குதிகாலையும் விரல்நுனியையும் ஒட்டி ஒட்டி நேர்கோட்டில் பத்து எட்டு நடக்கச் சொல்லுங்கள். தள்ளாடினால் மூளை வீங்குகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் மருந்து இறக்கம்தான், அதுவும் அப்போதே, இரவானாலும். நிமாலிங்கில் அப்படி ஆனால் 'கணவாயைத் தாண்டினால் அந்தப் பக்கம் இறக்கம்தானே' என்று ஏறாதீர்கள், அதற்கு முன் 400 மீட்டர் ஏற வேண்டியிருக்கும். வந்த வழியே ஹங்கர் பக்கம் இறக்குங்கள். நடக்கவிடாமல் குதிரையில் ஏற்றுங்கள். குதிரைக்காரரிடம் ஒரு வெறுங்குதிரை கேட்டுக் கூலி பேசிக்கொள்வது எல்லா மூலிகைச் செலவையும்விட உருப்படியான செலவு.

ஆக்சிமீட்டர் கொண்டுபோனால் எண்ணைத் துரத்தாதீர்கள். லே-யில் வந்த புதிதில் 85க்கும் 92க்கும் நடுவே காட்டுவது வழக்கம். விரல் சில்லிட்டிருந்தாலும் நகத்தில் மருதாணியோ பூச்சோ இருந்தாலும் தப்பான எண் வரும். கையை அக்குளில் ஐந்து நிமிடம் வைத்துச் சூடாக்கிப் பாருங்கள்.

சாப்பாடு: உயரத்தில் பசி அடங்கிவிடும், அதனால் தெரியாமலே பட்டினி கிடப்போம். பாதிப்பேரின் 'உயரக் களைப்பு' இதுதான். அதே அளவு ஆற்றலுக்குக் கொழுப்பைவிட மாவுச்சத்து குறைந்த ஆக்சிஜனில் எரியும். பேரீச்சை, உலர்ந்த சர்க்கரைப் பாதாமி, பொரிகடலை வெல்லம் என்று முக்கால் மணிக்கு ஒரு கைப்பிடி. தண்ணீர் நாளைக்கு 3 லிட்டர் சுமார், அதில் ஒரு லிட்டர் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கரைத்தது. வெறும் தண்ணீராக ஐந்து ஆறு லிட்டர் குடித்தால் உப்பு நீர்த்துப்போய் அதுவே தலைவலியும் சோர்வும் தரும்.

---

குறிஞ்சி_கோவை

ரொம்ப நன்றி. நாட்களைக் கூட்டப் பேசிக்கொண்டிருக்கிறோம், தாச்சுங்சே கண்டிப்பாகச் சேர்க்கிறோம். அந்த 52 வயது அண்ணனுக்கு சோலோ கொடுக்கலாமா, சல்ஃபா ஆகாதவருக்கு என்ன செய்வது என்று யாராவது சொல்லுங்கள்.

---

மருந்தகம்_மதி

லோசார்டான் எடுப்பவருக்கு ரோடியோலா வேண்டாம். காரணம் இது. லோசார்டான் விழுங்கியபடியே முழு வேலையும் செய்யும் மருந்தல்ல. கல்லீரலில் சி.ஒய்.பி.2சி9 என்ற நொதிதான் அதை வீரியமான வடிவத்துக்கு மாற்றுகிறது. ரோடியோலா ரோசியா அந்த நொதியை ஓரளவு முடக்குகிறது என்று மனிதர்களிடமே, லோசார்டானையே வைத்துச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். மருந்து மாறாமல் தங்கினால் அழுத்தம் கட்டுக்குள் நிற்காமல் போகலாம். உயரத்தில் முதல் நாட்களில் ரத்த அழுத்தம் இயல்பாகவே கொஞ்சம் ஏறும். இரண்டும் ஒன்று சேரவிடக் கூடாது. அதே நொதியை நம்பியிருக்கும் வார்ஃபரின், ஃபெனிடோயின் எடுப்பவர்களும் தொடக் கூடாது, அங்கே விளைவு இன்னும் மோசம். மனச்சோர்வு மாத்திரை எடுப்பவர்கள், இருதுருவ மனநோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டுபவர்கள் எல்லோருக்கும் இதே பதில்தான். அண்ணன் அழுத்தமானியைப் பையில் எடுத்துக்கொள்ளட்டும், காலை மாலை குறித்துக்கொள்ளட்டும். வாந்தி பேதி வந்து உடல் வற்றினால் லோசார்டானை என்ன செய்வது என்று மருத்துவரிடம் முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

சல்ஃபா விஷயம். எந்த மருந்துக்கு, என்ன மாதிரி ஒவ்வாமை என்பதுதான் முக்கியம். பெரும்பாலும் அது கோட்ரிமாக்சசோல் போன்ற நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்துக்கு வந்த தடிப்பாக இருக்கும். டயமாக்ஸ் எனும் அசிட்டசோலமைடும் சல்ஃபோனமைடுதான், ஆனால் வேதியமைப்பில் அந்த வகை அல்ல, ஒன்றுக்கு ஆகாதவருக்கு மற்றதும் ஆகாமல் போவது குறைவு. மருத்துவர் ஒப்புக்கொண்டால் ஊரில் அவர் கண்காணிப்பிலேயே ஒரு மாத்திரை கொடுத்துப் பார்க்கலாம். முன்பு தோல் உரிந்ததோ, முகம் தொண்டை வீங்கியதோ என்றால் அந்தச் சோதனையும் வேண்டாம். அவருக்கு மாற்று என்ன என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். கணவாய்_நடை சொன்னபடி நாட்களைக் கூட்டினாலே பாதிப் பிரச்சினை தீரும்.

மற்றவர்களுக்கு: ஒரே நாளில் கடல்மட்டத்திலிருந்து 3,500 மீட்டர் போய்ப் படுப்பது நடுத்தர ஆபத்து வகை. அதற்கு அசிட்டசோலமைடு 125 மி.கி. காலை, மாலை, ஏறுவதற்கு முந்தைய நாளிலிருந்து என்பது நிலையான அளவு. இதுவும் மருத்துவர் சீட்டோடுதான். விரல் நுனி கூசும், சோடா குடித்தால் சுவை சப்பென்று இருக்கும், சிறுநீர் அடிக்கடி போகும். பயப்பட வேண்டாம். இரவில் மூச்சு நின்று நின்று வருவதை அது குறைப்பதால் தூக்கம் சீராகும், மறுநாள் அசதியும் குறையும்.

'இயற்கை, அதனால் கெடுதல் இல்லை, அதனால் போதும்' என்ற எண்ணத்துக்கு ஒரு சோதனை முடிவு. 2004இல் வெளியானது. நேபாளத்தின் எவரெஸ்ட் பாதையில் 600 பேருக்கு மேல் மலையேறிகளிடம் ஜின்கோ இலைச்சாறு 120 மி.கி. இருவேளை கொடுத்துப் பார்த்தார்கள். போலி மாத்திரை எடுத்தவர்களில் 34% பேருக்கு உயரநோய், ஜின்கோ எடுத்தவர்களில் 35%, அசிட்டசோலமைடு எடுத்தவர்களில் 12%.

---

சூரணம்

அமுக்கரா பற்றிக் கேட்டிருந்தீர்கள்.

சித்த மருத்துவத்தில் அமுக்கரா சூரணத்தின் அளவு இரட்டிப்பாக ஏறும் வரிசை: கிராம்பு 1 பங்கு, சிறுநாகப்பூ 2, ஏலம் 4, மிளகு 8, திப்பிலி 16, சுக்கு 32, அமுக்கரா 64, சர்க்கரை 128. கூட்டிப் பார்த்தால் தூளில் பாதி சர்க்கரை, கால்பங்குதான் அமுக்கரா. சர்க்கரை நோயாளிகள் இதைக் கணக்கில் வைக்க வேண்டும். வெறும் அமுக்கராத் தூளும் சூரணமும் ஒன்றல்ல என்பதும் இதில் விளங்கும். வழக்கமான அளவு 1 முதல் 2 கிராம், காலை மாலை, பாலோடு. கிழங்கைப் பாலில் பிட்டவியல் செய்து, அதாவது பால் ஆவியில் வேகவைத்து, உலர்த்திப் பொடித்ததுதான் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளும். சுத்தி செய்யாத வேர் குமட்டலும் வயிற்றுப்போக்கும் தரும். மலையில் வயிற்றுப்போக்கு என்றால் நீர்வற்றிக் களைப்பு இன்னும் ஏறும்.

இது இன்றைக்கு விழுங்கி நாளைக்குக் கால் ஓடும் மருந்தல்ல. விளையாட்டு வீரர்களிடம் அமுக்கராச் சாறு கொடுத்து மூச்சுத்திறன் கூடியதாக வந்த ஆய்வுகளெல்லாம் எட்டுப் பன்னிரண்டு வாரம் கொடுத்தவை, அதுவும் சமதளத்தில். நீங்கள் இரண்டு மாதம் முன்பே படியேற்றம், பளுப்பையோடு நடை என்று பயிற்சி தொடங்குவீர்களானால் அதோடு சேர்த்து எடுக்கலாம். லே-க்குப் போன பிறகு தொடங்குவதில் பொருளில்லை. அமுக்கரா தூக்கத்தைக் கூட்டும், ஆகவே தூக்க மாத்திரையோடும் மதுவோடும் சேர்க்கக் கூடாது. உயரத்தில் அந்தச் சேர்க்கை மூச்சை மந்தமாக்கும். தைராய்டு மாத்திரை எடுப்பவர்கள், கல்லீரல் கோளாறு இருந்தவர்கள் தவிர்க்கவும். அரிதாக என்றாலும் கல்லீரல் பாதிப்பு பதிவாகியிருக்கிறது. கண் மஞ்சள், சிறுநீர் கருமை கண்டால் உடனே நிறுத்த வேண்டும். லோசார்டான் எடுக்கும் அண்ணனுக்கு இதுவும் மருத்துவரைக் கேட்டபின்தான், அமுக்கராவும் அழுத்தத்தைச் சற்று இறக்கக் கூடியது.

சுக்குக் காபியை மனதாரச் சொல்வேன். சுக்கு 20 கிராம், மல்லி விதை 40 கிராம், மிளகு 5 கிராம், ஏலக்காய் 3 கிராம், இளவறுப்பாக வறுத்துப் பொடித்துக்கொள்ளுங்கள். ஆறு பேருக்கு ஒரு லிட்டர் தண்ணீருக்கு நான்கு தேக்கரண்டித் தூள், 70 கிராம் கருப்பட்டி, அங்கே கொதிநிலை தாழ்ந்திருப்பதால் மூடிவைத்துப் பத்து நிமிடம் கூடுதலாக. சுக்கு குமட்டலை அடக்கும், கருப்பட்டி எரிபொருள், சூடான நீர் தானாக உள்ளே போகும். உயரத்தில் பசியே எடுக்காத மாலையில் இது இறங்கினால் அடுத்து ஒரு கிண்ணம் கஞ்சியும் இறங்கும். கருப்பட்டியை ஊரிலேயே காய்ச்சி வடிகட்டி வற்றவைத்துக் கட்டியாக்கி எடுத்துப் போங்கள், மண் கலந்திருந்தால் அங்கே வடிகட்டிக்கொண்டிருக்க முடியாது.

கற்பூரம்: முகர்ந்ததும் மூக்குக்குள் குளிர்ச்சி படுகிறது, காற்று தாராளமாகப் போவதுபோல் நரம்பு உணர்கிறது. போகும் காற்றின் அளவோ ரத்தத்தில் ஆக்சிஜனோ கூடுவதில்லை. அதனால் அவசரத்துக்குக் கற்பூரத்தை நம்பி உட்காரக் கூடாது. விழுங்குவது நஞ்சு, சிறு அளவிலேயே வலிப்பு வரும். வெற்றிலையில் வைத்து மெல்லச் சொல்பவர்கள் இருக்கிறார்கள், கேட்காதீர்கள். கூடாரத்துக்குள் கற்பூரம், அடுப்பு, கரி எதையும் ஏற்றாதீர்கள். கார்பன் மோனாக்சைடு தரும் தலைவலியும் அசதியும் உயரநோய் மாதிரியே இருக்கும்.

கோகா 30: ஆண்டிஸ் மலையில் சுண்ணச்சாம்பலோடு மெல்லும் கோகா இலைக்கும் இதற்கும் பெயரளவில்தான் உறவு. நூறுக்கு ஒன்றாக முப்பது முறை நீர்த்தது, மூலப்பொருளின் ஒரு மூலக்கூறுகூட மிஞ்சாது. இலையோ நம் நாட்டில் 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தின்படி தடை.

---

லே_குளிர்

வாங்குவது, சாப்பிடுவது பற்றிச் சில வார்த்தைகள்.

நிலத்திலிருந்து நீங்களே வேர் தோண்ட எண்ண வேண்டாம். மார்க்கா பாதை ஹெமிஸ் தேசியப் பூங்காவுக்குள் ஓடுகிறது, அங்கே செடி பிடுங்குவது வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சோலோ வேர் கட்டைவிரல் பருமன் ஆகவே பல ஆண்டுகள் பிடிக்கும், வேரோடு பிடுங்கினால் அந்த இடத்தில் அடுத்தது கிடையாது. 2022இல் ரோடியோலா பேரினம் முழுவதையும், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் சேர்த்தார்கள். வெளிநாட்டு உறவினருக்கு வேரை அனுப்புவதென்றால் அனுமதிச்சீட்டு இல்லாமல் முடியாது.

லே கடைத்தெருவில் வாங்கினால் தூளாக வாங்காதீர்கள், தூளில் எதையும் கலக்கலாம். வில்லையாகக் கேளுங்கள். வெளித்தோல் தகடு தகடாகப் பழுப்பு, உள்ளே இளஞ்சிவப்பு கலந்த நிறம். உடைத்தால் நார் நாராக இழுபடாமல் படக்கென்று முறியும். கொஞ்சம் நசுக்கி முகர்ந்தால் மங்கலான பூமணம் வரும், பூசண வாடை வந்தால் ஈரத்தோடு மூட்டை கட்டியது. சாயம் ஏற்றியதா என்று பார்க்க ஒரு துண்டைப் பச்சைத்தண்ணீரில் போடுங்கள். நல்ல வேர் மெல்ல நிறம் விடும், சாயம் உடனே வழியும். அதைவிட நல்லது தேசிய சோவா ரிக்பா நிறுவனம் லே-யிலேயே இருக்கிறது, பதிவுபெற்ற ஆம்ச்சியைப் பார்த்து நாடி கொடுத்து, நீங்கள் எடுக்கும் ஆங்கில மருந்துகளையும் சொல்லி, அவர் கொடுத்தால் வாங்குவது.

லடாக்கியர்கள் சோலோவை மருந்தாகக் காய்ச்சுவதைவிடக் கீரையாகச் சாப்பிடுவதே அதிகம். இளந்தண்டும் இலையும் கொதிநீரில் போட்டுப் பிழிந்து, தயிரில் உப்போடு கலந்தால் 'தாங்துர்'. நம் ஊர்க் கீரைப் பச்சடிதான், துவர்ப்பு மட்டும் கூடுதல். ஆனால் செப்டம்பரில் இளந்தளிர் கிடைக்காது, வேறு கீரையில் செய்து தருவார்கள்.

அந்த மாதம் உங்களுக்குக் கிடைப்பது சீபக்தார்ன். உள்ளூரில் 'செர்மாங்', ஆற்றோர முள்புதரில் ஆரஞ்சு மணி மணியாகக் காய்த்திருக்கும், செப்டம்பரில்தான் பறிப்பு. எலுமிச்சையைவிடப் பல மடங்கு வைட்டமின் சி. களைப்பைத் தீர்க்கும் மருந்து என்று சொல்லமாட்டேன். ஆனால் வெறும் தண்ணீர் குடிக்கப் பிடிக்காத குளிரில் 50 மி.லி. சாறு, ஒரு லிட்டர் வெந்நீர், நான்கு மேசைக்கரண்டி சர்க்கரை, கால் தேக்கரண்டி உப்பு என்று கலந்தால் தெர்மோஸ் காலியாகிவிடும். புளிப்பு கடுமை, நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் பாதி போடுங்கள். சாற்றின் மேல் மிதக்கும் எண்ணெய்ப் படலம் கெட்டதல்ல, பழத்தின் சொந்த எண்ணெய்தான், குலுக்கிக் குடியுங்கள்.

பாதையில் வீடுகளில் தங்கும்போது உப்பு வெண்ணெய்த் தேநீரான குர்குர் சாயும், வறுத்த வாற்கோதுமை மாவு சாம்பாவும் கொடுப்பார்கள். மாவைத் தேநீரில் பிசைந்து உருட்டிச் சாப்பிடுவது நம் சத்துமாவு உருண்டை போலத்தான். உப்பும் நீரும் மாவுச்சத்தும் ஒரே கிண்ணத்தில் வருகிறது. வெண்ணெய் வாடை முதல் நாள் உறுத்தும், அரைக் கோப்பையில் தொடங்குங்கள். சாம்பா அரைக்கிலோ வாங்கிப் பையில் போட்டுக்கொண்டால் நிமாலிங்கில் விடியற்காலை கணவாய்க்குக் கிளம்பும்போது அடுப்பு மூட்டாமலே தெர்மோஸ் தண்ணீரில் பிசைந்து சாப்பிட்டுவிடலாம். மாவை மட்டும் உலர்ந்த டப்பாவில் வையுங்கள், கூடாரத்துக்குள் மூச்சுக்காற்றின் ஈரம் உறைந்து காலையில் பை மேலேயே சொட்டும்.

---

வேர்க்கட்டு

லே_குளிர் சொன்ன சாயச் சோதனையோடு ஒரு திருத்தம்: மிக மெல்லிசாக நறுக்கிய வில்லை நல்ல வேராக இருந்தாலும் வேகமாக நிறம் விடும். இரண்டு ரூபாய் நாணயத் தடிமன் உள்ள துண்டில் பாருங்கள்.

குறிஞ்சி, குழுவில் மீதி நான்கு பேரில் யாருக்காவது சோலோ எடுக்க விருப்பம் இருந்தால் ஒரே டப்பாவிலிருந்து, ஆகஸ்ட் இறுதி வாரத்தில் ஊரிலேயே தொடங்கட்டும். யார் எடுக்கிறார்கள் என்பதை வழிகாட்டியிடம் எழுதிக் கொடுத்துவிடுங்கள். தலைவலி வந்த அன்று வேரையும் கேப்சூலையும் நிறுத்திவிட்டு, மதிப்பெண் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த எட்டு.